கோயிலில் கிடைக்காத ஆறுதல் மரத்தடியில் கிடைக்கிறது: என் நம்பிக்கை போய்விட்டதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா தவறிவிட்டார். அவர் இருந்தவரை பிரதோஷம் தவறாமல் அவரை மயிலாப்பூர் கோயிலுக்கு அழைத்துப் போனீர்கள். இப்போது சன்னிதியில் நின்றால் மனம் ஒட்டவில்லை, சில நாள் கோபம்கூட வருகிறது. ஆனால் அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கிற புங்கமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது. "எனக்கு நம்பிக்கை போய்விட்டதா ஐயா? சாமியை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை தம்பி, போகவில்லை. நம் நாட்டில் சாமி முதலில் இருந்த இடத்துக்குத்தான் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். தேவாரத்தைச் சின்ன வயதிலிருந்தே பாடிவருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்முடைய பழைய பாட்டுகளில் சாமிக்குக் கட்டடம் பின்னால்தான் வருகிறது. சிறுபாணாற்றுப்படை சிவனை 'ஆலமர் செல்வன்' என்று சொல்கிறது. ஆலமரத்தடியில் அமர்ந்தவன் என்று அர்த்தம். பெரும்பாணாற்றுப்படையில் முருகன் 'கடம்பு அமர் நெடுவேள்'. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகன் எங்கெல்லாம் இருப்பான் என்று வழி சொல்லிக்கொண்டே வருகிறார்: காடு, சோலை, ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டு, ஆறு, குளம், நாற்சந்தி, புதிதாகப் பூத்த கடம்ப மரம். முகவரி கேட்டு வந்தவனுக்கு அவர் கொடுத்த முகவரியில் பாதி, மரமும் தண்ணீரும்தான்.

அப்புறம் கற்கோயில்கள் வந்தன. வந்தபோதும் மரம் போகவில்லை, தல விருட்சமாக உள்ளேயே நின்றது. மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவலுக்கு வெண்ணாவல், நெல்லையப்பருக்கு மூங்கில், குற்றாலத்துக்குப் பலா. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே ஒரு மரத்தால் வந்தது. அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் போய்க்கொண்டிருந்த கபாலீசுவரர் கோயிலிலும் புன்னை மரம் இருக்கிறது, அதனடியில் புன்னைவனநாதர் இருக்கிறார். பிரகாரம் சுற்றும்போது உங்கள் அம்மா அங்கே ஒரு நிமிஷம் நின்றிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

ஆக, மரமா சாமியா என்று நீங்கள் பிரித்துக்கொண்டு தவிக்கிற இந்தப் பிரிவினை நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியாத ஒன்று.

இதைவிட முக்கியமான ஒன்று அப்பர் கதையில் இருக்கிறது. திருநாவுக்கரசரின் வாழ்க்கையைப் பெரும்பாலோர் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவர் என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு அநாதைப் பிள்ளை. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயமாகியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துபோனார். அக்காவும் உயிரை விடத் துணிந்தபோது, 'நீங்களும் போனால் நான் எப்படி இருப்பேன்' என்று தம்பி கதறியதால்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஒரே வீட்டில் மூன்று சாவு. அந்த வீட்டிலிருந்து வந்த பாட்டைத்தான் நாம் பாடிக்கொண்டிருக்கிறோம்.

பிற்பாடு பல்லவ அரசன் ஆணையால் அவரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள். நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். அதற்குள்ளிருந்து அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

வகுப்பில் இதை எத்தனையோ வருஷம் உவமைக்கு எடுத்துக்காட்டாக நடத்தியிருக்கிறேன். எனக்கே அடி விழுந்த பிறகுதான் இதை நின்று பார்த்தேன். வெந்துகொண்டிருக்கிற மனிதனுக்கு ஈசனைப் பற்றித் தத்துவம் வரவில்லை. காதுக்கு வீணை, கண்ணுக்குச் சாயங்கால நிலா, மேலுக்குத் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கிற குளம். உடம்புக்குத் தெரிந்த சுகங்களாகவே வருகின்றன. கடைசியில் கேட்பதும் நிழல்.

இன்னொன்றும் இருக்கிறது. காளவாய்க்குள் தென்றல் ஏது, நிலா ஏது? அவை வெளியே இருந்த காலத்தில் அவர் அனுபவித்து உள்ளே வாங்கி வைத்திருந்தவை. எத்தனையோ சாயங்காலம் ஒரு குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதனுக்குத்தான் அந்த நேரத்தில் அந்தக் குளம் வந்து நிற்கும். நீங்கள் புங்கமரத்தடியில் உட்காருகிற அரைமணி நேரத்தை வீண்பொழுது என்று நினைக்க வேண்டாம். பின்னால் நிழலே இல்லாத ஒரு நாள் வரலாம். அன்றைக்கு இது கைகொடுக்கும்.

உடம்பு முதலில் சமாதானமாகிறது, மனம் பின்னால் வருகிறது என்பதை ஆய்வுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு பெயர்பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 23 பேர் அறையின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. 2001-இல் இத்தாலியில் வேறொன்றைப் பார்த்தார்கள். கத்தோலிக்க ஜெபமாலை சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும் மூச்சு நிமிஷத்துக்கு 6 முறை என்ற அளவுக்கு மெதுவாகி, இதயத்தின் லயம் சீரடைந்தது. பதிகம் பாடும்போதும் இழுத்து விடுகிற மூச்சு அப்படித்தான் நீளும் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதை வைத்துக் கடவுளை நிரூபிக்க வரவில்லை. 'உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது' என்று நீங்கள் எழுதியது மனப்பிரமை இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். என் மனைவி போனது மாசி மாதம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நாற்பது வருஷமாகக் காலையில் ஒரு பதிகம் பாடிவிட்டுத்தான் காபி குடிப்பேன். அவள் அடுப்படியிலிருந்தே கூடப் பாடுவாள். இப்போது வாயைத் திறந்தால் தொண்டை அடைத்தது. புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் மட்டும் காவிரிப் படித்துறையில் போய் உட்காருவேன். எதற்கென்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. மணல், நாணல், மேய்கிற நாலு ஆடு. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அந்தக் காய்ந்த ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அந்த வருஷம் குறித்த நாளில் திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே மதகு தூக்கி, எங்கள் பக்கம் வர நாளாகும். ஒரு நாள் மத்தியானம் தெருவில் பையன்கள் "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

முதல் தண்ணீரைப் பார்க்காதவர்கள் அது வெள்ளமாகப் பாய்ந்து வரும் என்று நினைப்பார்கள். அப்படி வராது. ஒரு முழ அகலத்துக்கு நாக்கு நீட்டியது மாதிரி மணலில் ஊர்ந்து வரும். முன்னால் பழுப்பு நுரை, அந்த நுரைக்குள் சருகு, தேங்காய் நார், செத்த வண்டு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர். மணல் உறிஞ்சுகிற சத்தம் 'உஸ்' என்று கேட்கும். ஒரு பள்ளம் வந்தால் அங்கேயே நின்று அதை நிரப்பும். நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி. ஒரு கோரைத் தண்டில் எறும்புகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. வயதான அம்மா ஒருவர் படியிறங்கி வந்து, கொஞ்சம் மஞ்சளும் இரண்டு செவ்வந்திப் பூவும் போட்டுவிட்டு, அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் இறங்கினேன். கால் நனைந்தது. சுடுமணலில் ஊர்ந்து வந்த தண்ணீர், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

நாலு மாதத்தில் முதல் தடவையாக வாயில் ஒரு வரி வந்தது. 'கோழி பெடையொடும் கூடிக் குளிர்ந்து வருவன கண்டேன்.' தேடி எடுத்த வரி இல்லை, தானாக வந்தது. அங்கேயே நின்று அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா மட்டும் "முகத்தைக் கழுவிக்கோங்க சார்" என்றார்.

அந்த வரி எங்கள் ஊர்ப் பதிகத்தில் வருகிறது, அப்பர் வயதான காலத்தில் பாடியது. கயிலாயத்தைப் பார்த்தே தீருவேன் என்று வடக்கே கிளம்பியவர். நடந்து நடந்து கால் தேய்ந்தது, கையை ஊன்றிப் போனார், கையும் போனது, மார்பால் ஊர்ந்தார், கடைசியில் புரண்டார். முடியவில்லை. 'அங்கே இருக்கும் பொய்கையில் மூழ்கு, ஐயாற்றில் காண்பாய்' என்று வாக்கு வந்தது, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது புராணம். கரையேறியவர் கண்ணில் முதலில் பட்டது சிங்காசனமும் தேவகணமும் இல்லை. பிடியோடு களிறு வருகிறது. பெட்டையோடு கோழி வருகிறது. அப்புறம் குயில், மயில், பன்றி, நாரை, கிளி, கடைசியில் பசுவும் காளையும். எல்லாம் இணை இணையாக. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்' என்கிறார். 11 பாட்டு, பதினொன்றிலும் இதேதான். கோழியும் பன்றியும் அன்றைக்குப் புதிதாக வந்தவையா? தினமும் தெருவில் திரிகிறவைதான். உடம்பு ஓய்ந்து, வீம்பெல்லாம் கழன்ற பிறகு பார்க்கிற பார்வையில் அவை கண்டறியாதவை ஆகிவிட்டன.

இணையைப் பறிகொடுத்தவன் வாயில் இணைகளைப் பற்றிய பாட்டா வர வேண்டும் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன். வலித்தது. ஆனால் மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துத் துணியைப் பிரித்தேன். ஒரே நாளில் தேறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் பாடாமல் மூடி வைத்திருக்கிறேன்.

இரவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் மரம் உதவும், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் என்ன செய்வது? அந்த நேரத்துக்கு நான் நம்மாழ்வாரிடம் போவேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன்தான், ஆனாலும் துக்கத்தில் அந்த வேலியெல்லாம் இல்லை. அவரே ஆழ்வார்திருநகரியில் ஒரு புளியமரத்தடியில் இருந்தவர்தானே. திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் ஒரு நாரையிடம் பேசுகிறார்: 'வாயும் திரையுகளும் கானல் மடநாராய், ஆயும் அமருலகும் துஞ்சிலும் நீ துஞ்சாயால்.' பெற்ற தாய் தூங்கினாலும், தேவலோகமே தூங்கினாலும் நீ தூங்காமல் இருக்கிறாயே, உனக்கும் என்னைப்போல நெஞ்சு பறிபோய்விட்டதா என்று கேட்கிறார். அடுத்து அன்றிலைக் கேட்கிறார். அப்புறம் கடலை, வாடைக் காற்றை, மேகத்தை, நிலவை, இருட்டை, உப்பங்கழியை, கடைசியில் எரிகிற விளக்கை.

இந்தப் பதிகத்தில் ஒரு பறவைகூட அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் கூட விழித்திருக்கின்றன, அவ்வளவுதான். இயற்கையில் நிம்மதி கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் எப்போதும் பச்சை வயல், நீல வானம் என்றே பேசுகிறார்கள். மனம் கறுத்துக் கிடக்கும்போது அழகான காட்சி எரிச்சலைத்தான் தரும். அப்போது துணைக்கு வருவது அலைந்துகொண்டே இருக்கிற கடல், தேய்ந்துபோன நிலா, தூங்காத ஒரு பறவை. எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆந்தை இருந்தது. அபசகுனம் என்று விரட்டச் சொன்னார்கள், நான் விரட்டவில்லை.

கோபம் வருகிறது என்று எழுதியதும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் நம் மரபில் இடம் இருக்கிறது தம்பி. தான் மணந்த சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் செய்துகொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போனது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூரில் போய் நின்றவர் கெஞ்சவில்லை. 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று, முகத்தால் மிக வாடி' நிற்கிற அடியார் தங்கள் துன்பத்தைச் சொன்னால், சும்மா கேட்டுக்கொண்டு இருப்பீர்கள், 'வாழ்ந்து போதீரே' என்றார். நீங்களாவது நல்லா இருந்துட்டுப் போங்க என்று நாம் வெறுத்துப்போய்ச் சொல்வோமே, அதே தொனி. அந்தப் பாட்டைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. ஓதுவார்கள் இன்றும் சன்னிதியில் நின்று பாடுகிறார்கள். உங்கள் கோபத்தோடு உள்ளே போகலாம். வெளியே கழற்றி வைக்க அது செருப்பு இல்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்கை எப்போதும் தாயாக இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடலுக்குப் பறிகொடுத்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நாம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். விழுந்த மரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் அழுததை நான் நேரில் பார்த்தேன். அவரிடம் போய் மரத்தடியில் உட்காருங்கள், மனசு ஆறும் என்று யார் சொல்ல முடியும்? நாகையில் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடற்கரைக்கு வந்து பால் ஊற்றுகிறார்கள், பூப் போடுகிறார்கள், அழுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுபோன அதே கடலில்தான். மறுநாள் அதே கடலுக்குத் தொழிலுக்குப் போகிறார்கள். இதை ஆறுதல் என்பதா, வேறு ஏதாவது என்பதா என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தக் கரையில் நின்று பார்த்தால் நமக்கு வாய் மூடிப்போகும்.

இனி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள்.

முதலில் சாப்பாடும் தூக்கமும். எங்கள் தெருவில் வேதாகமம் நன்றாகப் படித்த ஒரு டீச்சரம்மா இருக்கிறார். என் மனைவி போன புதிதில் தினமும் இட்லி கொண்டுவந்து வைப்பார். ஒரு நாள் எலியாவின் கதையைச் சொன்னார். பெரிய தீர்க்கதரிசி, உயிருக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். உபதேசம் எதுவும் இல்லை, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதற்கெல்லாம் பிறகுதான் மலைக்குப் போகிறார். அங்கே பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எதிலும் கர்த்தர் இல்லை, கடைசியில் 'அமர்ந்த மெல்லிய சத்தம்' வருகிறது. "அந்தச் சத்தம் கேட்கணும்னா முதல்ல ரெண்டு இட்லி உள்ளே போகணும் சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து, கைக்கு வேலை. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திலகவதியார் எல்லாரையும் இழந்த பிறகு திருவதிகைக் கோயிலில் என்ன செய்தார்? பெருக்கினார், மெழுகினார், நந்தவனம் வைத்துப் பூத் தொடுத்தார். அவருடைய தம்பி அப்பர் கையில் உழவாரம் இருந்தது. அப்பர் சிலையை எங்கே பார்த்தாலும் தோளில் சாத்திய அந்தப் புல் செதுக்கும் கருவி இருக்கும். அவ்வளவு பெரிய கவிஞர், கோயில் பிரகாரத்தில் குனிந்து நெருஞ்சியும் புல்லும் செதுக்கினார். இன்றும் பல ஊர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்குக் கூட்டம் கூடுகிறது. கும்பிட வரவில்லை என்றால் கும்பிட வேண்டாம், புல் செதுக்கப் போங்கள். அங்கே மந்திரம் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மண்வெட்டியைக் கையில் கொடுப்பார்கள், மத்தியானம் சோறு போடுவார்கள். கோரைக்கிழங்கை வேரோடு எடுக்க ஒரு மணி நேரம் குனிந்து தோண்டியவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும். எனக்கு வந்தது.

காலையில் காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் அம்மாவுக்கு இருந்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். நம்புகிறீர்களா இல்லையா என்ற விசாரணை வேண்டாம். எங்கள் வீட்டு மதிலுக்கு வருகிற ஒரு காக்கைக்கு வலது காலில் ஒரு விரல் கிடையாது. நான் சோற்றை வைத்துவிட்டு நகரும் வரைக்கும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் வாயை எடுத்துக்கொண்டு போய் எங்கோ வைத்துவிட்டு வந்து இரண்டாவது வாயைத்தான் தின்னும். காலையில் எழுந்திருக்க எனக்கு வேறு எந்தக் காரணமும் இல்லாத நாட்களில் அது ஒன்று இருந்தது.

கோயிலுக்கு எப்போது திரும்பிப் போவது என்பதற்குக் கெடு எதுவும் இல்லை. போகத் தோன்றினால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். பிரதோஷத்தன்று போக வேண்டாம். அம்மா நின்ற இடம், அம்மா பூ வாங்கிய கடை என்று ஒவ்வொன்றும் குத்தும். சாதாரண செவ்வாய், புதன் காலையாகப் பாருங்கள். சன்னிதிக்குப் போகாமல் நேரே புன்னை மரத்தடிக்குப் போய் உட்காருங்கள். புங்கமரத்தடியில் என்ன செய்கிறீர்களோ அதையே அங்கேயும் செய்யுங்கள், அதாவது ஒன்றும் செய்யாதீர்கள். அடுத்த தடவை வேண்டுமானால் ஒரு சுற்று.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், அண்ணன் சொல்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். துக்கம் வேறு, நோய் வேறு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, நாம் இருந்து என்ன என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மரமும் பதிகமும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல உதவி இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சூலை நோய் என்கிற கடுமையான வயிற்று வலி வந்தபோது அப்பரே தனியாகக் கிடக்கவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். உங்களுக்கும் அக்கா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே போன் பண்ணுங்கள். அவருக்கும் அம்மாதான் போயிருக்கிறார்.

ஆடி அமாவாசைக்கு முடிந்தால் திருவையாறு வாருங்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் காலையிலிருந்தே கூட்டம் இருக்கும், அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம். அப்பருக்குக் கயிலாயம் காட்டிய விழாவும் எங்கள் கோயிலில் அன்றைக்குத்தான். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும். நான் கிழக்குப் பக்கம் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பேன், வந்து ஒரு குரல் கொடுங்கள்.